முதல் ஆள்

கதவைச் சாத்தியதும் வெளியே பிள்ளை அழுகிற சத்தம் பாதியாகக் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. எதிர் நாற்காலியில் ஆவுடைச்செல்வி என்ற அந்தப் பெண் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அதன் வாரை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், திரும்பச் சுற்றினாள். முதலில் என்ன சொல்ல வேண்டும் என்று உலகம்மாள் ஒரு வாரமாகக் குளிக்கும்போதும் தோசை சுடும்போதும் சொல்லிப் பார்த்து வைத்திருந்தாள். சொல்லியும் ஆயிற்று. இங்கே பேசுவது இந்த அறையோடு இருக்கும், வீட்டு ஆட்களிடமும் சொல்ல மாட்டேன், உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் டாக்டரிடம் பேச வேண்டியிருக்கும், அதையும் உங்களிடம் சொல்லிவிட்டுத்தான் செய்வேன். குரல் ரேஷன் கடையில் அளவு படிக்கிற மாதிரி இருந்தது. அந்தப் பெண் தலையை ஆட்டினாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு மின்விசிறியும் அழுகையும் மட்டும். பேசட்டும் என்று காத்திரு. இல்லை, காத்திருப்பது தப்போ, இவளுக்கு இது தண்டனை மாதிரித் தோன்றுமோ, பள்ளிக்கூடத்தில் எழுப்பி நிறுத்திப் பதில் வரும்வரை முறைக்கிற டீச்சர் மாதிரி. நான் முறைக்கிறேனா? உலகம்மாள் பார்வையைக் கொஞ்சம் தாழ்த்தினாள். தாழ்த்தினால் அந்தப் பெண்ணின் சுடிதாரில் மார்புப் பக்கம் இரண்டு வட்டமாக ஈரம் பரவியிருந்தது தெரிந்தது. வெளியே பிள்ளை அழ அழ இங்கே பால் ஊறுகிறது. அதைப் பார்த்ததும் அவளுக்குள் ஏதோ ஒன்று கழுத்தைத் தூக்கியது. இரு, படு, உனக்கு இப்போது நேரமில்லை என்று அதை உள்ளேயே அமுக்கினாள்.

கதவைச் சாத்துவதற்கு முன்னால் மாமியார்க்காரி சும்மா வெளியே போகவில்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கூடவே உள்ளே நுழைந்துவிட்டாள். "நானும் இருக்கேம்மா. இவ வாயத் தொறக்க மாட்டா. நாந்தான் எல்லாம் சொல்லணும். பிள்ள பெத்து நாலு மாசமாச்சு, தூக்க மாட்டேங்கா, கொஞ்ச மாட்டேங்கா, செவுத்தப் பாத்துட்டு உக்காந்திருக்கா." பேச்சியம்மாள் என்று பேர். உலகம்மாளைவிடப் பத்து வயது கூட இருக்கும். "நீங்க வெளிய இருங்கம்மா, அவங்க பேசட்டும்" என்று உலகம்மாள் சொன்னாள். "பேச மாட்டான்னுல்லா சொல்லுதேன்." "பேசாட்டாலும் சரி." அப்படிச் சொன்னது யார் என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. நீதிமன்றத்தில் இருபது வருஷத்துக்கு மேல் டைப்பிஸ்டாக உட்கார்ந்திருந்தவள், யாரையும் வெளியே போ என்று சொன்னதில்லை. வெளியே போங்கள் என்பது நீதிபதியின் வார்த்தை, டவாலியின் வார்த்தை. அவளுடையது விரல்கள் மட்டும். சாட்சி கால் மணி நேரம் அழுது, மூக்கைச் சிந்தி, பிள்ளைகள் மேல் சத்தியம் செய்து சொல்லுவதை நீதிபதி ஒரு வரியாகச் சுருக்கிச் சொல்லுவார், அந்த ஒரு வரியைத் தட்டுவாள். அழுகையைத் தட்ட எழுத்துக் கிடையாது.

அந்த வேலையை விட்டுவிட்டு வந்ததற்குத்தான் எத்தனை பேச்சு. கவுன்சிலிங்கா, ஊரில் எல்லாரும் வாயால் செய்கிற காரியத்துக்கு ஒரு படிப்பா என்றான் தம்பி. ஆறுதல் சொல்லுவதற்கு யாராவது பீஸ் கட்டுவார்களா என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. அவள் வீட்டுக்காரர் சிதம்பரநாதன் சத்தம் போடுகிற ஆள் இல்லை, சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே கேட்டார், "இந்த வயசுலயா? உனக்கே அப்பப்ப மனசு சரியில்லாமப் போவுது. நீ எப்படி ஊரான் மனச…" முடிக்கவில்லை. முடித்திருந்தால் பரவாயில்லை. முடிக்காமல் விடுகிற வாக்கியம் வீட்டிலேயே நடமாடும், சமையலறைக்கு வரும், படுக்கைக்கு வரும். சாயங்கால வகுப்பில் அவளோடு படித்ததுகள் எல்லாம் இருபத்திரண்டு, இருபத்திமூன்று. ஆன்ட்டி ஆன்ட்டி என்று பாடம் கேட்கும், பரீட்சைக்கு முந்தின நாள் அவளைவிட நன்றாக எழுதும். வேலைக்கு அலைந்தபோது ஒரு இடத்தில் மேலாளர் காகிதங்களைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டார், "முன் அனுபவம்?" இல்லை என்றாள். "அப்ப எப்படிம்மா?" எல்லாரும் அனுபவத்தோடு வா என்கிறீர்கள், அதை எந்தக் கடையில் விற்கிறார்கள் என்று கேட்டுவிட்டு எழுந்து வந்தாள். பஸ் ஸ்டாப்பில் நின்றபோது வாய் தானாகச் சிரித்தது. கடைசியில் பெருமாள்புரத்தில் இந்தச் சின்ன மனநல கிளினிக். டாக்டர் ரெஜினா அவளைவிடப் பத்து வயது சின்னவள். சில மாதம் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வைத்துவிட்டு, "இனிமே தனியா உக்காருங்க, நான் அடுத்த ரூம்லதான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டாள். அடுத்த ரூம். இடையில் ஒரு சுவர்தான். அந்தச் சுவரை இப்போது உலகம்மாள் ஏக்கத்தோடு பார்த்தாள்.

"மேடம்" என்றாள் ஆவுடைச்செல்வி. உலகம்மாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உங்களுக்கு இதுல எத்தன வருஷ சர்வீஸ்?" இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். இதற்கும் பதில் தயாராக வைத்திருந்தாள், பயிற்சி எடுத்திருக்கிறேன், மூத்த மருத்துவர் மேற்பார்வையில் பணிபுரிகிறேன் என்று, எல்லாம் உண்மைதான், எல்லாம் வழவழவென்று. அந்தப் பெண் முதல் தடவையாக நேராகப் பார்த்தாள். கண்ணைச் சுற்றி மை அப்பின மாதிரி கருப்பு. தூங்காத கண். இந்தக் கண்ணிடம் வழவழப்பைக் கொடுத்தால் அது திரும்பச் சுவருக்கே போய்விடும். "நீங்கதான் முதல் ஆள்" என்றாள் உலகம்மாள். போச்சு. எழுந்து போகப் போகிறாள். ரெஜினா கேட்டால் என்ன சொல்ல? ஆனால் ஆவுடைச்செல்வி எழுந்து போகவில்லை. உதட்டின் ஒரு ஓரம் லேசாக அசைந்தது. "எனக்கும் முதல் பிள்ளதான்" என்றாள். "எல்லாம் தெரிஞ்ச மாதிரி செய்யணும்னு நிக்காவ எல்லாரும்." பிறகு வார் மறுபடி விரலில் ஏறியது. ஆனால் இப்போது மெதுவாக.

மறுபடியும் மௌனம், ஆனால் இது வேறு. முதலில் இருந்தது பூட்டின வீட்டின் மௌனம் என்றால் இது உள்ளே யாரோ நடமாடுகிற வீட்டின் மௌனம். தொடாதே, தட்டாதே, நில். நிற்கத்தானே வந்தாய். நீதிமன்றத்தில் பார்த்த அந்த இன்னொரு பெண்ணின் முன்னால் யாரும் இப்படி நிற்கவில்லை. பேர் நினைவில் இல்லை, எண் நினைவில் இருக்கிறது, வழக்கு எண். நினைவு எதை வைத்துக்கொள்கிறது பார். கைப்பிள்ளையோடு கிணற்றில் குதித்தவள். பிள்ளை போய்விட்டது, இவளைத் தூக்கிவிட்டார்கள். தூக்கிக் கொண்டுவந்து கூண்டில் நிறுத்தினார்கள். வயது இவ்வளவுதான் இருக்கும், இதே மாதிரி பார்வை, சுவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சுவரைப் பார்க்கிற பார்வை. சாட்சியம் எல்லாம் முடிந்து நீதிபதி கேட்டார், நீ ஏதாவது சொல்ல விரும்புகிறாயா. நல்ல மனிதர்தான், பொறுமையாகவே கேட்டார். அவள் வாயைத் திறந்தாள். உலகம்மாள் தட்டெழுத்துப் பலகையிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தாள், அந்த வாய் திறந்திருந்தது, ஏதோ ஒன்று தொண்டை வரைக்கும் வந்து நிற்பது தெரிந்தது, இன்னும் கொஞ்சம், இன்னும் ஒரு நொடி. வெளியே அடுத்த வழக்கின் பேரைக் கூப்பிட்டார்கள். நீதிபதி உலகம்மாள் பக்கம் திரும்பிச் சொன்னார், "இல்லை". அவள் இல்லை என்று சொல்லவே இல்லை. தாளில் ஏறியது: இல்லை. தீர்ப்பு வேறொரு நாள் வந்தது. ஆனால் அந்தத் திறந்த வாய் உலகம்மாளோடு வீட்டுக்கு வந்துவிட்டது, பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தது. துக்கம் இல்லை, கோபம். யாராவது ஒருத்தர் அவளுக்கு ஒரு நொடி கூடக் கொடுக்கக் கூடாதா? கிணற்றுக்குப் போவதற்கு முன்னால் யாராவது கேட்டிருக்கக் கூடாதா? யாரும் இல்லை என்றால் நான் கேட்கிறேன். அந்த மாதமே விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்தாள். அலுவலகத்தில் உடம்புக்கு என்ன என்று விசாரித்தார்கள்.

கதவு தட்டாமலே திறந்தது. பேச்சியம்மாள். தோளில் பிள்ளை முகம் சிவந்து, வாய் முழுக்கத் திறந்து. "பிள்ள பசிக்கு அழுவுதும்மா, தொண்ட கட்டிரும் போல. ஒரு வாய் குடுத்துட்டு உங்க பேச்சப் பேசட்டும்." அழுகை முழு வேகத்தில் அறைக்குள் நுழைந்ததும் உலகம்மாளின் கைகள் நாற்காலிக் கையிலிருந்து தானாக எழும்பின. வாங்கு, வாங்கித் தோளில் போடு, முதுகைத் தட்டு. உன்னிடம் கொடுக்கவா வந்திருக்கிறாள்? கைகளே, கீழே இறங்குங்கள். பசித்த பிள்ளையை விட்டுவிட்டு என்ன பெரிய பேச்சு? நியாயமான கேள்விதான். ஆனால் இந்தப் பெண்ணிடம் யாரும் எதையும் கேட்பதே இல்லையே. "செல்வி" என்றாள், "என்ன செய்யலாம்? நீங்க சொல்லுங்க." ஆவுடைச்செல்வி மாமியாரைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்க்கவில்லை. "பையில பாட்டில் இருக்கு அத்த. சுடுதண்ணியும் இருக்கு. கலக்கிக் குடுங்க." பேச்சியம்மாள் மருமகளின் ஈரச் சுடிதாரைக் காட்டினாள். "தாய்ப்பால் இருக்க…" "அத்த. பாட்டில்ல குடுங்க." கதவு சாத்திக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் அழுகை விக்கலாகி, விக்கல் சப்புகிற சத்தமாகி, சத்தமே இல்லாமல் போயிற்று. அந்த அமைதியில்தான் ஆவுடைச்செல்வி அழ ஆரம்பித்தாள்.

"எனக்கு அதப் பிடிக்கல" என்றாள். பிள்ளையை அது என்றாள். "பால் குடிக்கும்போது மேல ஏதோ ஊர்ற மாதிரி இருக்கு. எப்பம்டா விடும்னு இருக்கு. எல்லாரும் சொல்லுதாவ, முகத்தப் பாத்தா எல்லாம் சரியாப் போவும்னு. பாக்கேன். யார் வீட்டுப் பிள்ளையோன்னு இருக்கு. நான் பேயா மேடம்?" உலகம்மாளின் வாய்க்குள் வரிசையில் நின்றன வாக்கியங்கள், ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு. அப்படிச் சொல்லாதம்மா. தங்கமான பிள்ளை. நாள் போகப் போகச் சரியாகும். எத்தனை பேர் இது இல்லாமல் கோயில் கோயிலாக. அந்தக் கடைசி வாக்கியம்தான் முன்னால் வரத் துடித்தது, அதன் குரல் யாருடையது? அவளுடையதே. இருபது வருஷமாகக் கேட்டுக் கேட்டு அவளுக்குள் ஊறிப்போன குரல். நாத்தனார் ஆறுமுகத்தம்மாளின் பேத்திக்குப் பேர் வைத்த அன்றைக்கு, கூட்டத்தில் யாரோ குழந்தையை அவள் கையில் கொடுத்துவிட்டார்கள். தலை உச்சியில் துடித்துக்கொண்டிருந்த அந்த மெத்து இடத்தில் மூக்கை வைத்து ஒரு மூச்சு இழுத்தாள், ஒரே மூச்சு. நாத்தனார் சிரித்த முகத்தோடு வந்து, "பிள்ள முழிச்சிரும், குடுங்க மதினி" என்று வாங்கிக்கொண்டாள். பிள்ளை முழித்துத்தான் இருந்தது, கொட்டக் கொட்ட. அந்த மூச்சு இன்னும் வெளியே விடப்படவில்லை. இதோ இவளுக்குக் கிடைத்திருக்கிறது, இவள் யார் வீட்டுப் பிள்ளையோ என்கிறாள். உலகம்மாள் தன் கால் கட்டைவிரலைச் செருப்புக்குள் அழுத்தினாள், வலிக்கிற அளவுக்கு. அது உன் கதை. நல்ல கதைதான், பெரிய கதைதான், அதற்கு வேறு நாள் உண்டு. இந்த நேரம் இவளுடையது, இதில் ஒரு பிடி கூட நீ அள்ளக் கூடாது. வரிசையில் நின்ற வாக்கியங்களை ஒவ்வொன்றாகத் திருப்பி அனுப்பினாள். "பேய் இல்ல" என்றாள். "இது வரும். பிள்ள பெத்த நெறயப் பேருக்கு வருது. வெளிய சொல்லுததில்ல. நீங்க சொல்லிட்டீங்க."

ஆவுடைச்செல்வி துப்பட்டாவால் முகத்தை அழுந்தத் துடைத்தாள். "உங்களுக்குப் பிள்ளைங்க இருக்கா?" இதற்கு மட்டும் அவள் தயாராக வரவில்லை. எல்லாக் கல்யாண வீட்டிலும் எல்லா பஸ்ஸிலும் வருகிற கேள்வி இந்த அறைக்குள் வராது என்று எந்த மடத்தனத்தில் நம்பினாளோ. பொய் சொல்லலாம். சென்னையில் ஒரு பையன் என்று சொல்லிவிட்டால் யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள். ரயிலில் ஒரு தடவை அப்படிச் சொல்லியிருக்கிறாள், திண்டுக்கல் வரைக்கும் அவனுக்கு ஒரு வேலையும் ஒரு சளித் தொந்தரவும் கூடக் கொடுத்தாள். "இல்ல" என்றாள். அந்தப் பெண்ணின் முகம் சுருங்கியது. "அப்ப உங்களுக்கு எம்மேல கோவம் வரும்." குரலில் நக்கல் இல்லை, பயம் இருந்தது, அடிக்குக் காத்திருக்கிற பயம். இல்லை இல்லை என்று சொல்லிவிடத் தோன்றியது. ஆனால் கோபம் இருக்கிறதே, இப்போதுதானே செருப்புக்குள் மிதித்து வைத்தாள். யார் மேல் கோபம்? தேடினாள். பிள்ளை இல்லாதவளைத் தள்ளி நிற்கச் சொல்லுகிறவர்களும் பிள்ளை பெற்றவளைச் சிரி, கொஞ்சு, சந்தோஷமாக இரு என்று விரட்டுகிறவர்களும் ஒரே ஆட்கள்தானே. ஒரே முற்றத்தில் உட்கார்ந்து ஒரே தாம்பாளத்தில் வெற்றிலை எடுக்கிறவர்கள். அவளைப் பூட்டின சாவியும் இவளைப் பூட்டின சாவியும் ஒரே கொத்தில் தொங்குகின்றன. "கோவம் உண்டு" என்றாள் உலகம்மாள். "உங்க மேல இல்ல." ஆவுடைச்செல்வி அதை நம்புவதா வேண்டாமா என்று பார்த்தாள். நம்பின மாதிரி தோள் கொஞ்சம் இறங்கியது.

இப்போது கேட்க வேண்டும். அந்தக் கேள்வியை. கேட்டால் இல்லாத நினைப்பைக் கிளப்பிவிட்ட மாதிரி ஆகாதா என்று வகுப்பில் முதலில் கை தூக்கினவளே உலகம்மாள்தான். ஆகாது, கேட்பதால் யாரும் சாவதில்லை, கேட்காமல் விட்டால்தான் தனியாகப் போகிறார்கள் என்று படித்தாயிற்று, எழுதித் தேறியும் ஆயிற்று. ஆனால் அவள் வளர்ந்த வீட்டில் விளக்கு வைத்த நேரத்தில் அந்தச் சொல்லை யாரும் வாயால் உச்சரித்ததில்லை. நல்லது கெட்டது நடந்துபோச்சு என்பார்கள். தவறிட்டாவ என்பார்கள். சுற்றி வளைத்துக் கேட்கலாமா, மனசு ரொம்பக் கஷ்டமாக இருக்கும்போது ஏதாவது தோணுமா என்கிற மாதிரி? ஏதாவது என்றால் ஏதாவதுதான் பதிலாக வரும். இவள் ஒன்றுமில்லை என்பாள், நீயும் நிம்மதியாக மூச்சு விட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவாய். யாருக்காக அந்த நிம்மதி? "செத்துரலாம்னு தோணுதாம்மா?" என்று கேட்டாள். 'நீங்க' என்கிற மரியாதையெல்லாம் எங்கோ விழுந்துபோய் 'ம்மா' மட்டும் மிஞ்சியது. அந்தப் பெண் வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. உலகம்மாள் நகரவில்லை, இமைக்கவில்லை, எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள், இங்கே அடுத்த பேரை யாரும் கூப்பிடப் போவதில்லை, கூப்பிட்டாலும் நான் எழுந்திருக்கப் போவதில்லை.

"துணி காயப்போட மாடிக்குப் போவேன்" என்றாள் ஆவுடைச்செல்வி கடைசியில். "கைப்பிடிச் சுவர் கிட்ட நிப்பேன். கீழ பாப்பேன். அத்த கூப்பிடுவாவ, இறங்கி வந்துருவேன். நேத்து கூப்பிடல. ரொம்ப நேரம் நின்னேன்." "பிள்ளையோடயா?" இதையும் கேட்டுவிட்டாள், கேட்க முடியும் என்று நினைக்கவே இல்லை. "இல்ல. அது பாவம்லா." சொல்லிவிட்டு ஆவுடைச்செல்வி தானே திடுக்கிட்டு நிமிர்ந்தாள், அந்தப் பாவம்லா எங்கேயிருந்து வந்தது என்று தேடுகிற மாதிரி. உலகம்மாள் அதைப் பிடித்து இழுக்கவில்லை. பாத்தியா, உனக்குப் பாசம் இருக்கு என்று கொண்டாடவில்லை. அப்படியே விட்டாள். டாக்டரிடம் இதைச் சொல்லியாக வேண்டும், இன்றைக்கே, இப்போதே, இதற்கு மருந்தும் உண்டு என்றாள். நாம் இரண்டு பேருமே போவோம். வீட்டில் உங்களைத் தனியாக விடக்கூடாது, அதற்கு வெளியே இருக்கிறவரிடம் கொஞ்சம் சொல்ல வேண்டும், எதைச் சொல்லட்டும், எதை விடட்டும்? "பிடிக்கலன்னு சொன்னது வேண்டாம்" என்றாள் அவள் உடனே. "மத்தத நானே…" கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "பாக்கலாம்" என்றாள்.

கதவைத் திறந்ததும் பேச்சியம்மாள் எழுந்தாள். பிள்ளை தோளில் தூங்கிவிட்டது. "என்ன சொன்னா?" "அத அவங்கதான் சொல்லணும்மா." "என்ன பேச்சு இது? நாந்தான கூட்டிட்டு வந்தேன். உங்களுக்குப் பிள்ள குட்டி உண்டுமா? பெத்து வளத்தவளுக்குல்லா இதெல்லாம் புரியும்." காத்திருந்த ஆட்கள் திரும்பினார்கள். வரவேற்பு மேஜைப் பெண் பேனாவைக் கீழே வைத்தாள். இருபது வருஷமாக இந்தக் கேள்வி வந்த இடத்திலெல்லாம் உலகம்மாள் தலை குனிந்து, முந்தானையைச் சரி செய்து, தண்ணீர் குடிக்கிற மாதிரி எழுந்து போயிருக்கிறாள். இன்றைக்கு அந்தத் தலை குனியவில்லை. குனிவதற்கு அதற்கு நேரமில்லை. "பெறலம்மா" என்றாள். "இந்த வேலைக்கு அது தேவையில்ல." சொல்லும்போதே கண்ணில் பட்டது, கிழவியின் ஜாக்கெட் தோளில் காய்ந்து வெளுத்த பால் கறை, பிள்ளையைத் தாங்கினபடியே சொக்கிச் சரிகிற கண். "நீங்க எப்ப கடைசியாத் தூங்குனீங்க?" என்று கேட்டாள். பேச்சியம்மாள் அடுத்த சண்டைக்கு எடுத்த மூச்சு பாதியில் நின்றது. பெஞ்சில் மெல்ல உட்கார்ந்தாள். "யாரும் கேக்கலம்மா" என்றாள். "என் மவன் துபாய்ல. ராவெல்லாம் நாந்தான்."

"அத்த" என்றாள் ஆவுடைச்செல்வி. கைப்பை வாரை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். "எனக்கு முடியல. என்னைத் தனியா விடாதீங்க. மாடிக்கு விடாதீங்க." பேச்சியம்மாளுக்கு அது போய்ச் சேரக் கொஞ்சம் நேரம் பிடித்தது. சேர்ந்ததும் அவள் முகம் முழுக்க ஒரேயடியாக வயசாகிவிட்டது. ஏதோ திட்டப் போகிறாள் என்று உலகம்மாள் முன்னால் ஒரு அடி வைத்தாள். ஆனால் கிழவி பிள்ளையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிவிட்டு, காலியான கையால் மருமகளின் மணிக்கட்டைப் பிடித்தாள், சந்தைக் கூட்டத்தில் பிடிக்கிற மாதிரி இறுக்கமாக. "வா" என்றாள். "டாக்டரப் பாப்போம்." ரெஜினாவின் அறைக் கதவு வரைக்கும் மூன்று பேரும் போனார்கள். உள்ளே ரெஜினா நிமிர்ந்து பார்த்தாள். ஆவுடைச்செல்வி வாசலில் நின்று திரும்பினாள். "அடுத்த தடவ வந்தா நீங்கதான் இருப்பீங்களா? வேற யாராவது பெரிய ஆளா?"

"நாந்தான் இருப்பேன்" என்றாள் உலகம்மாள், காத்திருக்கிறவர்கள் எல்லாரும் கேட்கட்டும் என்ற குரலில்.